நாலு நாற்பது வண்டி

ரயில் நிலையத்தின் பெரிய கூடத்தில், மூன்றாவது தூணுக்கும் மேற்கு ஜன்னலுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் எப்போதும் காலியாகக் கிடக்கும். கூட்டம் நடந்தால் நாற்காலி வரிசை அந்த இடத்தைச் சுற்றி வளைந்து போகும். கண் பரிசோதனை முகாம் நடந்தால் மேஜைகள் அதற்கு இரண்டு முழம் தள்ளியே நிற்கும். கூரை ஒழுகும் இடம் என்று ஊரில் பலர் நினைத்திருந்தார்கள். கூரை அங்கே ஒருநாளும் ஒழுகியதில்லை. கூடத்தின் சாவியை வைத்திருந்த டிக்கெட் அக்கா அங்கே எதையும் போட விடமாட்டாள், அவ்வளவுதான்.

அவள் அந்த நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் டிக்கெட் கொடுத்தவள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளுடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் டிக்கெட் அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடியறையில் இருந்தாள். கவுண்டர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வரைக்கும் அண்ணி ஊரோடு பேசித் தீர்த்துவிட்டார், இப்போது வீட்டில் பேச ஒன்றும் மிச்சமில்லை என்று தம்பி மனைவி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். கேலிதான். ஆனால் பொய்யில்லை.

நிலையம் கட்டி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு முழ அகலச் சுவர், உச்சியில் இலை இலையாக வார்த்த இரும்புத் தூண்கள், இரண்டு பிளாட்பாரங்களையும் இணைக்கும் மரப்பலகை நடைபாலம். பெரிய வண்டிகளெல்லாம் ஊருக்கு வெளியே போட்ட புதுப் பாதைக்கு மாறிவிட்டன. காலையில் ஒரு வண்டி போகும், இருட்டுகிற நேரத்தில் அதே வண்டி திரும்பி வரும். சும்மா கிடந்த முதல் வகுப்புக் கூடத்தை ஊர்க்காரர்கள் மனுப்போட்டு மனுப்போட்டு வாங்கினார்கள். காலையில் செய்தித்தாள் படிக்கிறவர்கள், மதியம் பெண்களுக்குத் தையல் வகுப்பு, சாயங்காலம் சதுரங்கப் பலகையோடு வருகிற ஓய்வுபெற்றவர்கள், ஞாயிறு தோறும் பாட்டு வகுப்பு. வண்டி இல்லையே தவிர ஸ்டேஷனில் ஆளுக்குக் குறைவில்லை. தனியாக உட்கார்ந்து சலித்துப்போயிருந்த இளவயது ஸ்டேஷன் மாஸ்டருக்கு இதில் பரம சந்தோஷம். சாவி யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் ஒரே பக்கம்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

தையல் வகுப்பு நாலு மணிக்கு முடியும். சதுரங்கக்காரர்கள் ஐந்துக்குத்தான் வருவார்கள். நடுவில் அந்த ஒரு மணி நேரம் கூடம் அவளுக்கு. துணி வெட்டுகளைக் கூட்டி அள்ளுவாள், இயந்திரங்களுக்கு உறை போடுவாள். நாலு முப்பத்தெட்டுக்கு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுவிடுவாள்.

நடைபாலத்தில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்கும். பலகை தடதடக்கும். பிறகு படிகளில் இறங்கும். மொத்தம் பதினேழு படி. பதினாறு வரை அவள் எண்ணுவாள். பதினேழாவது கேட்காது.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். மத்தியான வெயிலில் உப்பின பலகை சாயங்காலம் சுருங்கும்போது சத்தம் போடும் என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டினாள். மழைக்காலத்திலும் அது கேட்கிறது என்று சொல்லவில்லை.

அவளுக்கு இருபத்தேழு வயதில் நடந்தது அது. அந்த நாளில் அலுவலகங்களில் தட்டச்சு இயந்திரம்தான். அவற்றைப் பழுது பார்க்க ஒரு மணி நேரப் பயணத் தூரத்து ஊரிலிருந்து ஒருவர் செவ்வாய்க்கிழமை தோறும் வருவார். முப்பது வயதுகூட இருக்காது. கையில் ஒரு தகரப் பெட்டி, விரல் நுனிகளில் கழுவினாலும் போகாத மை. நீதிமன்றம், பத்திர அலுவலகம், நகராட்சி எல்லாம் சுற்றி முடித்துவிட்டு ஏழு மணி வண்டிக்குத் திரும்புவார். கவுண்டரில் காசை வைக்கும்போது ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிச் சிரிப்பார். அதற்கு மேல் பழக்கமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீதிமன்றம் விடுமுறை. வேலை சீக்கிரம் முடிந்து நாலரை மணிக்கே வந்துவிட்டார். ஏழு மணி வண்டிக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள், பெஞ்சில் ஒரு தூக்கம் போடுகிறேன் என்றார். அவள் அட்டை டிக்கெட்டை எடுத்துத் தேதி இயந்திரத்தில் குத்தினாள். நாலு நாற்பது வண்டி எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"ஏழு மணி வரைக்கும் எதுக்கு உக்காந்திருக்கணும்? நாலு நாப்பது இன்னும் கெளம்பல. ஓடினா பிடிச்சிடலாம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்தார்.

"அதுவும் சரிதான். காலையில வீட்டுல பெரிய சண்டை. ஏழு மணி வண்டின்னு சொல்லிட்டு வந்தேன். முன்னாடியே போய் வாசல்ல நின்னா அவ மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்."

சிரித்துக்கொண்டே ஓடினார். நடைபாலத்தில் ஏறினார். வண்டியின் கார்டு பச்சைக் கொடியை எடுப்பதை அவள் கவுண்டர் ஜன்னல் வழியே பார்த்தாள். எழுந்து நின்று கையை உயர்த்திக் காட்டினாள். கார்டு சிரித்துக்கொண்டே கொடியைத் தாழ்த்தினார். அரை நிமிடம். டைப்ரைட்டர்காரர் இறங்கி வந்து பெட்டியில் தொற்றிக்கொண்டார். வண்டி போயிற்று.

எட்டாவது கிலோமீட்டரில் ஆற்றுப்பாலம். மேலே எங்கோ பெய்த மழையில் நடுத்தூணின் அடி அரித்துப் போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை. முன் மூன்று பெட்டிகள் தண்ணீருக்குள் போயின.

மறுநாள் விடிந்ததும் டிராலியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது பேர். ஊரிலேயே பெரிய இடம் என்று அந்தக் கூடத்தில்தான் வரிசையாகக் கிடத்தினார்கள். சட்டைப் பையில் கிடைத்த நனைந்த டிக்கெட்டுகளை ஒரு தட்டில் வைத்து அவளிடம் கொடுத்து, எந்த எண் யாருக்குக் கொடுத்தது, முகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் வரிசை வரிசையாகப் போனாள். பதினோரு பேரைச் சொன்னாள். மூன்றாவது தூணுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அவர் கிடந்தார். விரல் நுனியில் மை அப்படியே இருந்தது. ஆறு எல்லாவற்றையும் கழுவியிருந்தது, அதை மட்டும் விட்டுவிட்டது.

விசாரணை நடந்தது. வேகத்தைக் கேட்டார்கள், தூணைக் கேட்டார்கள், மழையைக் கேட்டார்கள். அரை நிமிடத் தாமதத்தைக் கார்டு தன் குறிப்பேட்டில் 'பயணிகள் ஏறியது' என்று எழுதியிருந்தார். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் அவளும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

பெண் பார்த்துவிட்டுப் போன இடத்தில் அப்போது சம்மதம் சொல்லியிருந்தார்கள். இவள்தான் வேண்டாம் என்றாள். அப்பா காரணம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். ஒருவரிடம் சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று இனி எப்படிச் சொல்வது என்ற ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. அதை அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? கவுண்டரிலும் அப்படித்தான். ஓடினால் வண்டியைப் பிடிக்கலாமா என்று மூச்சிரைக்கக் கேட்பவர்களிடம் தெரியாது என்று மட்டும் சொல்வாள். சிடுமூஞ்சி என்று பெயர் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

இப்படி முப்பத்து மூன்று வருடம்.

ஒரு திங்கட்கிழமை தையல் வகுப்பில் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மகளுக்கு இந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது, அவளோடு வந்துவிட்டேன் என்றாள். தையல் அவளுக்கு நன்றாகவே தெரியும் என்பது ஊசியில் நூல் கோத்த விதத்திலேயே தெரிந்தது. கற்றுக்கொள்ள வந்தவள் மாதிரி இல்லை. கூடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் இயந்திரத்தைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் மூன்றாவது தூணுக்கும் ஜன்னலுக்கும் நடுவே போட்டாள்.

டிக்கெட் அக்கா விரைந்து போனாள். அங்கே வேண்டாமே, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

"இங்கதாங்க வெளிச்சம் நல்லா இருக்கு" என்றாள் வந்தவள், நிமிராமலே.

மற்ற பெண்கள் கையில் பிடித்த துணியோடு பார்த்தார்கள். அக்கா விட்டுக்கொடுத்து யாரும் கண்டதில்லை. அன்று விட்டுக்கொடுத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று சாயங்காலம் பலகைச் சத்தம் வழக்கத்தைவிட நிதானமாக இறங்கியது போல இருந்தது.

நாலைந்து நாள் கழித்துப் பெண்கள் பேச்சுவாக்கில் புதியவளிடம் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார்கள். போய்விட்டார் என்றாள். எப்படி என்றதற்கு, ஆற்றுப்பாலத்தில், வண்டியில் என்றாள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் மட்டும் மிதித்துக்கொண்டே பேசினாள். டைப்ரைட்டர் மெக்கானிக். தான் ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்ததால் பார்க்கவே விடவில்லை. கொழுந்தன்தான் இந்தக் கூடத்துக்கு வந்து அடையாளம் காட்டினான். இந்த ஊருக்கே வரக் கூடாது என்று இருந்தேன், மகளுக்கு இங்கேதான் வேலை போட்டார்கள், வந்ததுதான் வந்தோம், அவர் கடைசியாகக் கிடந்த கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமே என்றுதான் வகுப்பில் சேர்ந்தேன் என்றாள்.

"செத்ததுகூட சரி, விதின்னு விட்டுடலாம். ஏழு மணி வண்டியில வர்ற மனுசன் நாலு நாப்பதுல ஏன் ஏறினார்? அதுதான் புரியல. எங்க ஊரத் தாண்டியும் போற வண்டி அது. மாமியார், நீ காலையில சண்டை போட்டு விரட்டின, எங்கேயோ போகக் கெளம்பிட்டான்னாங்க. நாத்தனார் வேற யாரையோ பாக்கப் போயிருப்பார்னு சொன்னா. நான் ரெண்டையும் நம்பினேன். ஒருநாள் இது, ஒருநாள் அது."

கூடத்தின் மூலையில் அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்த டிக்கெட் அக்கா பாதியில் நிறுத்தினாள். சாவியை முந்தானைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி மனைவி மருத்துவரிடம் போகலாம் என்றாள், தம்பி பல்வலியா என்று கேட்டான். தினமும் சொல்லிவிடலாம் என்று போவாள். அந்தப் பெண் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும் பிடரியைப் பார்த்ததும் விளக்குமாற்றைத் தேடிக்கொண்டு போய்விடுவாள். சொன்னால் என்னவாகும்? ஒரு பெண்ணின் புருஷனைப் பிடித்து வண்டியில் ஏற்றி அனுப்பினவள் நான் என்று எப்படித் தொடங்குவது? சொல்லாவிட்டால் அந்தப் பெண் ஒருநாள் இது, ஒருநாள் அது என்று சாகும்வரை மாற்றி மாற்றி நம்பிக்கொண்டிருப்பாள். தன் பாரத்தை இறக்கி வைக்கத்தான் சொல்லத் துடிக்கிறோமோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்தது.

பத்தாம் நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அந்தப் பெண் ஒரு காலர் வேலையை முடித்துவிட்டுப் போகிறேன் என்று இருந்துவிட்டாள். மணி நாலரை. டிக்கெட் அக்கா ஒரு நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தாள். கூடத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"நாந்தான் அன்னைக்கு அவருக்கு டிக்கெட் கொடுத்தேன்."

இயந்திரம் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஏழு மணிக்குக் கேட்டது, தான் ஓடச் சொன்னது, கை காட்டி வண்டியை நிறுத்தி வைத்தது. எதையும் தனக்குச் சாதகமாக மாற்றவில்லை. அவர் சொன்ன வார்த்தைகளை அவர் சொன்ன வரிசையிலேயே திரும்பச் சொன்னாள். முப்பத்து மூன்று வருடமாகத் தினமும் கேட்டுப் பழகிய வார்த்தைகள். ஒன்றும் உதிர்ந்திருக்கவில்லை.

அந்தப் பெண் ஊசிக்கு அடியிலிருந்த காலரை நீவிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"சிரிச்சாரா?"

"சிரிச்சார். சிரிச்சுக்கிட்டேதான் ஓடினார்."

"எந்த இடத்துல போட்டிருந்தாங்க?"

"நீங்க உக்காந்திருக்கிற இடம்."

அவள் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அதே நேரம் வெளியே நடைபாலத்தில் பலகை தடதடத்தது. ஓடி வந்தது, இறங்கியது. அந்தப் பெண்ணும் தலையைத் திருப்பிக் கேட்டாள். யாராவது வருகிறார்களா என்று கேட்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தைத்த சட்டையை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு அந்தப் பெண் போனாள்.

பன்னிரண்டு நாள் வரவில்லை. அவள் இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஊசியில் கோத்த நூல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் வரமாட்டாள், வராமல் இருப்பதுதான் நியாயம் என்று அக்கா முடிவு கட்டினாள். சாவியை ஸ்டேஷன் மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பின அன்றுதான், பள்ளி விட்டு நேராக வந்தவளாக, தோளில் பையோடு அந்தப் பெண்ணின் மகள் வாசலில் நின்றாள்.

பார்த்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் முகம் அப்படியே மகளிடம் இருந்தது. பயந்துபோய் அக்கா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

மகள் உட்காரவில்லை. அம்மா எல்லாவற்றையும் சொன்னார்கள் என்றாள். உங்களைத் திட்டவேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன், வழியில் என்னவென்று திட்டுவது என்று தெரியாமல் போய்விட்டது என்றாள்.

"அம்மா மூணு நாள் படுக்கையை விட்டு எந்திரிக்கல. நாலாவது நாள் எந்திரிச்சு பெட்டிக்குள்ள இருந்து அப்பா போட்டோவை எடுத்து, ஆணி கேட்டாங்க. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அது பெட்டிக்குள்ளதான் கெடந்துது. சுவத்துல மாட்டினதே இல்ல. அப்பா மேல அவ்ளோ கோவம்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

கொஞ்சம் நின்றுவிட்டு, அவர் உயரமா குள்ளமா என்று கேட்டாள். உயரம் என்றாள் அக்கா. நடைபாலத்துக் கைப்பிடிக்கு மேலே தோள் தெரியும் என்றாள். மகள் அதைக் கேட்டுக்கொண்டு, வேறொன்றும் கேட்காமல் போனாள்.

மறு வாரம் அந்தப் பெண் வகுப்புக்கு வந்தாள். பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். அக்காவிடம் மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. மாலையில் கிளம்பும்போது மட்டும், புதன்கிழமை காலை வண்டியில் எங்கள் ஊருக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றாள்.

அந்தப் பாலத்தை அக்கா முப்பத்து மூன்று வருடமாகக் கடந்ததில்லை. எங்கே போவதானாலும் பஸ்தான். வரமுடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் அதற்குள் படி இறங்கிவிட்டிருந்தாள்.

புதன்கிழமை இருவரும் எதிரெதிரே ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். கவுண்டரில் வேறொரு பெண் கொடுத்த டிக்கெட்டை அக்கா உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாள். எட்டாவது கிலோமீட்டரில் வண்டி ஊர்ந்தது. கீழே ஆற்றில் தண்ணீரே இல்லை, மணல்தான். பழைய தூண் ஒன்று மட்டும் உடைந்த பல் மாதிரி நின்றது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பெண் அவள் முழங்காலில் ஒரு கையை வைத்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அங்கே நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. ஒரு குறுகலான தெரு, கடைசியில் இடது கைப்பக்கம் ஒரு வீடு. கீழே இப்போது செல்போன் ரிப்பேர் கடை. ஆனால் கதவு பழைய கதவுதான் என்றாள் அந்தப் பெண். பச்சை வண்ணத்தின் மேல் நீல வண்ணம் அடித்திருக்கிறார்கள், கீறினால் பச்சை தெரியும். கடைக்காரர் யார் வேண்டும் என்று கேட்டார். யாரும் வேண்டாம், இங்கே குடியிருந்தோம் என்றாள்.

தெருவின் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று அவள் பேசினாள்.

"அன்னைக்கு ரேடியோல ஆறு மணி செய்தி ஆரம்பிக்குது. கதவை யாரோ தட்டினாங்க. போய் தெறந்தேன். யாருமில்ல. தெருப் பசங்க வெளையாட்டுன்னு நெனச்சேன். ஏழு மணி வண்டி மனுசன் எட்டுக்கு மேலதான வருவார், அதனால அவரா இருக்கும்னு தோணவே இல்ல. படார்னு சாத்திட்டேன்."

அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாலு நாற்பது வண்டி ஐந்து நாற்பதுக்கு இங்கே வரும். இருபது நிமிட நடை.

"நீங்க சொன்னப்புறந்தான் அந்த நேரம் எனக்கு வெளங்குச்சு" என்றாள் அந்தப் பெண். "என் மூஞ்சியப் பாக்கணும்னு சொன்னார்ல. பாத்துட்டுத்தான் போயிருக்கார்."

கடைக்குள் யாருடைய போனோ அடித்தது. நீலக் கதவு காற்றில் கொஞ்சம் திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது. இருவரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு அந்தப் பெண் தெருவைக் கடந்து போனாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்க்க, கதவை முழுக்கத் திறந்து, அது திரும்பச் சாத்திக்கொள்ளாதபடி அடியில் ஒரு கல்லை நகர்த்தி வைத்துவிட்டு வந்தாள். திரும்பும் வண்டிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. மெதுவாகவே நடந்தார்கள்.